தெரிந்த வரி

ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்களை வெளியிடும் சம்பிரதாயமுடைய சிவகாசியில், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் இயந்திரங்களே தேவாலயங்களுக்கு வசனக் காலண்டர்களையும் அடித்துத் தருகின்றன. அத்தகைய அச்சகம் ஒன்றில் புரூப் பார்க்கும் உத்தியோகத்திலேயே என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது.

ஒரு சமயம், கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் காலண்டரில் 'தூய ஆவி' என்றிருக்கக் கண்டு, பிள்ளைப் பிராயம் முதல் 'பரிசுத்த ஆவி' என்றே கேட்டுப் பழகிய நான், அதைக் கைப்பிழையென்று நிச்சயித்துச் சிவப்பு மையால் திருத்திவிட்டேன். தாள்கள் அச்சாகிய பின் வந்து பார்த்த கோயில்பிள்ளை, கோபத்தை வெளிக்காட்டாமல், "அண்ணாச்சி, பிழை எங்க தாளிலே இல்லை, உங்க காதிலே இருக்கு" என்றார். அவர் கையிலிருந்தது, கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடி உழைத்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம். என் வீட்டிலிருந்ததோ, பவர் ஐயர் தலைமையில் நிறைவேறி 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்த பிரதி.

எது சரியான வேதம் என்ற கேள்வி அன்று முதல் என்னை விடாமல் தொடர்ந்தது. விசாரித்துப் பார்க்கையில், நான் சநாதனமென்று எண்ணியிருந்த என் வேதமும் ஒரு காலத்தில் புதுவரவாகவே இருந்ததென்று தெரிந்தது. 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு, இறைவனைச் சர்வேசுரன் என்றார். பின்னர் வந்த பப்ரீஷியஸ் பராபரன் என்றார். ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. திருவிவிலியமோ கடவுள் என்கிறது. ஐக்கிய மொழிபெயர்ப்புக்கு முன் ரேனியஸ் பப்ரீஷியஸின் பாடத்தைத் திருத்தப் புகுந்தபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதை வன்மையாகக் கண்டித்தார். லூத்தரன் சபையாரோ, ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்த பின்னரும் பப்ரீஷியஸின் பாடத்தை நெடுங்காலம் விடாது போற்றினர். அவரவர் முதலில் செவிமடுத்த சொல்லே அவரவர்க்கு வேதத்தின் குரலாகிவிடுகிறது. அதை மாற்றுகிறவன், தாயின் பேச்சை இலக்கணப் பிழையென்று திருத்த வந்தவனைப் போலத் தோன்றுகிறான்.

ஆயினும் என் தொழில் எனக்கு உணர்த்திய உண்மை ஒன்றுண்டு. பிழை, தெரியாத வரியில் அதிகமாக ஒளிவதில்லை. நன்கு தெரிந்த வரியில்தான் சுகமாகக் குடியிருக்கும். மனப்பாடமான வரியின்மேல் கண் நிற்பதில்லை. தாளில் உள்ளதை விட்டு நெஞ்சில் உள்ளதைப் படித்துக்கொண்டு போய்விடும். ஆகையால், ஐயம் தோன்றிய இடத்தில் வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல்லை நோக்கிப் பின்புறமாகப் படிப்பதைப் பழக்கமாகக் கொண்டிருந்தேன். பழகிய மொழிபெயர்ப்பை ஓதுகையில் என் மனமும் அவ்வாறே வழுக்கிச் செல்கிறதென்றும், 'கிருபை' என்று ஆயிரம் முறை உச்சரித்தும் அச்சொல்லின்முன் ஒரு கணமேனும் நின்றதில்லையென்றும், திருவிவிலியத்தில் 'அருள்' என்ற சொல்லில் தடுக்கி நின்றபோதே எனக்கு விளங்கிற்று.

இன்று இரண்டு பிரதிகளும் என் மேசைமேல் இருக்கின்றன. துக்க வீட்டில் வாசிக்கச் சொன்னால் பழையதையே எடுப்பேன். அங்கே மனிதருக்கு வேண்டியது தெரிந்த குரல். விடியற்காலையில் தனித்து அமர்ந்தால் புதியதை எடுக்கிறேன். எனக்கு வேண்டியது தடுக்கி நிற்பது. ஆனால் என் பேத்தி பள்ளியில் திருவிவிலியத்தையே கேட்டு வளர்கிறவள். 'அருள்' என்பதை அவள் நிறுத்தாமல், அழகாக, ஓட்டமாகச் சொல்லக் கேட்கும்போதெல்லாம், என் பழைய பிரதியை ஒருநாள் இவளிடம் கொடுத்துத் தடுக்கி நிற்கச் செய்ய வேண்டுமென்று நினைத்துக்கொள்கிறேன்.