பெரட்டும் நித்திய கருமமும்

நித்திய கருமத்தைச் செய்வதால் தனிப் பலன் ஒன்றுமில்லை, செய்யாதொழிந்தால் மட்டும் தோஷமுண்டு என்று சாஸ்திரகாரருள் ஒரு சாரார் கூறுவர். வறட்டு வாதமென்று நான் நெடுநாள் ஒதுக்கிவைத்திருந்த இக்கூற்றின் பொருள், மலேசியாவின் கெமாஸைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டப்புறங்களில் வெற்றிலை மெல்லும் மூதாட்டியரைப் பற்றிச் சிந்திக்கப் புகுந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

தாம்பூலம் நமக்கு மங்கலம். ஆயினும், புகையிலை சேராத வெற்றிலை பாக்குங்கூடப் புற்றுக்குக் காரணமென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறுதியிட்டது. அதற்கு முன்பே, 1993, 94-ஆம் ஆண்டுகளில் மலேசியாவெங்கும் 11,697 பேரின் வாயைச் சோதித்த கணக்கெடுப்பில், புற்றுக்கு முந்திய மாறுதல்கள் இந்தியரில் நூற்றுக்கு 4 பேரிடமும் சீனரில் ஆயிரத்துக்கு 5 பேரிடமும் காணப்பட்டன.

கன்னத்தின் உட்புறத்தே வழித்தாலும் வராத வெண்திட்டு, அதனினும் அஞ்சத்தக்க செந்திட்டு, வாயையே திறக்கவொட்டாமல் இறுகும் நார்த்திசு ஆகிய இவை முழு நோயென்றும் சொல்லக்கூடாமல், ஆரோக்கியமென்றும் கொள்ளக்கூடாமல் நடுவே நிற்பவை. பெரும்பாலானவை புற்றாக மாறுவதேயில்லை. எது மாறுமென்று முன்னரே உறுதியாகச் சொல்லும் வித்தை இன்னும் கைவரவில்லை. அறுத்தெடுத்த இடத்திலேயே பின்னர் புற்று தோன்றுவதும் உண்டு. "நோவு இல்லையே, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று பாட்டி கேட்பதை அறியாமையென்று தள்ளிவிட முடியாது. வரலாம், வராமலும் போகலாம் என்னும் துன்பத்தை முன்னிட்டு, கண்முன் உள்ள ஒருநாட் கூலியை இழப்பது தகுமா?

தகும் என்பேன்; ஆனால் அப்பாரத்தை அவள் தலையில் மட்டும் ஏற்றுவது அநியாயம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் வீடு வீடாகச் சென்று வாய் பார்த்த பேராய்வு, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் காட்டிற்று. அங்கும், மேற்சோதனைக்கு அனுப்பப்பட்டோருள் போனவர் நூற்றுக்கு 63 பேரே. வாய்ப் பரிசோதனை முகாம் நைமித்திகம், அதாவது ஏதேனும் நிமித்தம் வரும்போது மட்டும் செய்யும் கருமம்; திருவிழாவைப்போல அதை நாம் சிறப்பாகவே நடத்திவிடுவோம். திட்டின் இடத்தையும் அளவையும் தேதியிட்டு எழுதி, இரு வாரத்தில் மறையாததைத் திசுச் சோதனைக்கு அனுப்பி, குறித்த மாதத்தில் திரும்ப அழைத்து, வராதவரைத் தேடிச்செல்லும் நித்தியம் மறுநாள்தான் தொடங்குகிறது. அதன் பலன் பெரும்பாலும் ஏட்டில் 'மாற்றமில்லை' என்று எழுதுவதே. ஒரே திட்டை ஒரு வைத்தியர் 'பார்க்கலாம்' என்றும் மற்றொருவர் 'அறுக்கவேண்டும்' என்றும் சொல்லாதபடி பொது அளவொன்று வேண்டுமென்பதை வெறும் அலுவலகச் சம்பிரதாயமாகக் கருதுவோர், அவ்விருவரிடையே அலையும் நோயாளியாக ஒருநாள் இருந்து பார்க்கட்டும்.

ஒழுங்கு தோட்டத்துக்குப் புதிதோ? விடியுமுன் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வராதவரை அறிந்தார்கள். பால்மரத்துப் பட்டையில் கத்தி எத்தனை ஆழம் போகலாமென்பதற்கும் அளவு வைத்திருந்தார்கள். வெட்டியவளின் வாய்க்கு மட்டும் ஏடில்லை. இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஊர் ஊராகப் பிரிந்துவிட்டனர். கிழக்குக்கரைக்கும் தெற்குக்கும் தண்டவாளம் பிரிகின்ற கெமாஸ் சந்திப்பில் ரயிலேறிப் பிள்ளை வீட்டுக்குப் போகும் பாட்டியோடு அவளுடைய குறிப்பேடும் போகவேண்டும். போய்ச் சேர்ந்த ஊரில், குறித்த நாளன்று அவளைக் காணோமென்றால், அவள் பெயரைக் கூப்பிட ஒருவர் இருக்கவேண்டும்.