மரத்தின் ‘போதும்’

கொரியாவின் பழைய வீடுகளில் தரை இரண்டு வகை. அடுப்பின் சூடான புகையைக் கல்பாவிய தரைக்கு அடியில் ஓடவிட்டு, மேலே எண்ணெய்க் காகிதம் ஒட்டிய ‘ஒண்டோல்’ அறை குளிர்காலத்துக்கு. காற்று புழங்கும் ‘மாரு’ என்கிற மரத்தளம் கோடைக்கு. சூடு வேண்டுமா, மரத்தளத்தை விட்டு எழுந்து உள்ளே போக வேண்டியதுதான்.

இன்று இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்கிறோம். அடியில் வெந்நீர்க் குழாய், மேலே ஓக் பலகை. கேட்பதில் என்ன தப்பு? தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மரம் வெட்டுப்பட்ட பிறகும் சும்மா கிடப்பதில்லை. ஈரம் வாங்கினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் மரத்தரையின் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பலகை முழுமரத்தைவிடக் குறைவாக அசையும். அதற்கும் வரம்பு உண்டு.

விரிசலுக்குப் பயந்து சூட்டைக் குறைப்பது அறமா, வெறும் செலவுக் கணக்கா? தொடக்கத்தில் கணக்குதான். ஆனால் இன்னும் சூடு வேண்டுமென்றால் ஓடு பதித்துவிட்டுப் போகலாமே! அப்படிச் செய்யாமல், ஜன்னல் இடுக்கை அடைத்து, காலுறை மாட்டிக்கொண்டு, மரம்தான் வேண்டும் என்று இருப்பவரிடம் கணக்குக்கு மேல் ஏதோ இருக்கிறது. பிடித்த ஒன்றோடு வாழ்வது என்றால், அது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து வாழ்வதுதானே. நம் சுகத்துக்கு நாமாக ‘போதும்’ சொல்வது லேசில்லை. காலடியில் கிடக்கும் பலகை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.