கால்வெஸ்டன் கைநழுவாமல் இருந்திருந்தால்...

1863 ஜனவரி 1. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, அதிபர் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த அதே நாள். விடிவதற்கு முன்பே, டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் வடக்குப் படை மீது, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்கின் தாக்குதல் தொடங்கியது. பஞ்சுப் பொதிகளை அரணாக அடுக்கி வந்த நீராவிப் படகு ஒன்று, வடக்கின் 'ஹாரியட் லேன்' போர்க்கப்பலையே மடக்கிப் பிடித்தது. ஊர் தெற்கின் வசமானது. அடிமைகள் பறித்த பஞ்சே அவர்கள் விடுதலைக்குக் குறுக்கே நின்ற கொடுமை!

அன்று வடக்கு வென்றிருந்தால்? டெக்சாஸ் முழுவதும் உடனே விடிந்திருக்காது. ஆனால், தப்பி ஓடுபவர்கள் வந்து சேர ஒரு கரை இருந்திருக்கும். வடக்குப் படையின் ஜெனரல் கிரேஞ்சர் அதே ஊரில் விடுதலை ஆணையை வெளியிட்டது 1865 ஜூன் 19-இல்தான். சட்டப்படி விடுதலையான பிறகும் சுமார் 2.5 லட்சம் பேர் அதுவரை அடிமைகளாகவே உழன்றார்கள். ஹூஸ்டன் தமிழர்களே, கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு இந்த இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள்.