ஆளும் சரக்கா?

நமது மகன் கணினியில் யுத்தம் விளையாடுகிறான். மஃரிபுக்குப் பின், குளுவாங்கில் நம் கடையின் பின்னறையில் நடக்கும் காரியம் இது. தடுப்பதா, விடுவதா என்ற கேள்வி நம்மைப் போன்ற தகப்பன்மார் பலருக்கும் உண்டு. தீர்ப்புச் சொல்லுமுன் ஒருநாள் அருகில் அமர்ந்து பார்த்தோம்.

'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்' என்பது அதன் பெயர். 2006-ல் கனடா நாட்டார் செய்தது. 1944 ஜூனில் நேசப்படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய போரே கதை. சதுரங்கத்தைப் போல் ஒருவர் நகர்த்த மற்றவர் காத்திருப்பதில்லை. இரு தரப்பும் ஒரே வேளையில் இயங்குகின்றன. ஆள்பலம், வெடிமருந்து, எரிபொருள் மூன்றும் கையிருப்புக் கணக்காகத் திரையில் நிற்கின்றன. வரவு செலவு தெரிந்தவனே வெல்வான். வியாபாரிகளாகிய நமக்கு அது பிடித்தும் போயிற்று!

ஒரு படைப்பிரிவு அழிந்தது. "ஐயோ, போய்விட்டார்களே" என்றோம்.

"போனால் என்ன அத்தா, வேறு ஆள் எடுத்துக்கொள்ளலாம்" என்றான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்த யுத்தம் நம் ஊருக்கும் வந்ததுதான். 1942 பிப்ரவரி 14-ல் பாலெம்பாங்கில் குதித்த ஜப்பானியப் பாரசூட் வீரர்கள் குளுவாங்கிலிருந்தும் கஹாங்கிலிருந்தும் பறந்தவர்களே. அவ்வாண்டு தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம் - பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே காலராவிலும் பசியிலும் மாண்டனர். ஒருவன் விழுந்தால் வேறு ஆள். அந்த அதிகாரிகளின் கணக்கும் அவ்வளவே.

அப்படியானால் குற்றம் விளையாட்டின் மீதா? சதுரங்கமும் யுத்தந்தானே! சிப்பாய்க் காய் வெட்டுண்டதற்காக யார் அழுதார்? பொம்மைக்கு இரங்காதது பாவமன்று; மனிதனைப் பொம்மையாக எண்ணுவதே பாவம். அதைப் பையன் எங்கே கற்றான்?

யோசித்துப் பார்த்தோம். சென்ற ஆண்டு நம் கடைப் பணியாள் காய்ச்சலில் படுத்தபோது, மருந்து வாங்குமுன்னே, "வேறு ஆள் கிடைக்குமா?" என்று தொலைபேசியில் கேட்டவர் நாமே. மகன் அருகில்தான் இருந்தான். ஆகவே அந்தச் சொல் அவனுடையதன்று, நம்முடையது.

விளையாட்டை நாம் பிடுங்கவில்லை. ரயில்பாதையின் கதையை அவனுக்குச் சொன்னோம். மறுநாள் பணியாளை அழைத்து, ஊரில் பிள்ளைகள் சுகந்தானா என்று விசாரித்தோம். இரண்டாண்டு நம்மோடு உழைத்தவர். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுகூட அன்றுவரை நமக்குத் தெரியாது.