வளைவதும் திறப்பதும்

உறையூரில் மாமா வீட்டில் இரவுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. உக்ரைனில் இடிந்துபோன ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் காட்டினார்கள். "இத்தனை பேர் சாகறதுக்கு, பக்கத்துல இருக்கற பெரியவன்கிட்ட கொஞ்சம் வளைஞ்சு போயிருந்தா என்னவாம்?" என்றார் மாமா. தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த அத்தை விடவில்லை. "வளைஞ்சவன் அப்புறம் எப்போ நிமிர்றதாம்? அதையும் சொல்லுங்க."

யார் பக்கம் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது, இதே கேள்வியை எங்கள் ஊர் ஒருமுறை பட்டு அனுபவித்திருக்கிறது. அதுவும் ஒரே அரச குடும்பத்தில், ஐம்பது வருஷத்துக்குள்.

மலைக்கோட்டையைச் சுற்றி நாயக்கர் காலத்தில் மதிலும் அகழியும் இருந்தன. அகழி தூர்க்கப்பட்டு மேலப்புலிவார்டு ரோடாகிவிட்டது. மதிலில் பெயர்சொல்ல மிஞ்சியது மெயின்கார்டு கேட். இந்தக் கோட்டைக்குள்ளிருந்து ஆண்ட ரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஔரங்கசீப்பின் ஒற்றைச் செருப்பை யானைமேல் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்களாம். அந்தந்த அரசர் எதிர்கொண்டு வணங்க வேண்டும். இவர் அதைச் சபைக்கு வரவழைத்துக் காலில் மாட்டிக்கொண்டு, "இன்னொன்று எங்கே?" என்று கேட்டாராம். நடந்ததோ இல்லையோ, சொல்லும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அவர் 1689இல் பெரியம்மை கண்டு இறந்தார். கைக்குழந்தைப் பேரனுக்காக ஆட்சியை ஏற்றவர் அவருடைய தாய் மங்கம்மாள். வடக்கே சுல்பிகர் கானின் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டிருந்தது. 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீடித்து, கடைசியில் செஞ்சி விழுந்தது. மங்கம்மாள் சண்டைக்குப் போகவில்லை. முகலாயருக்குக் கப்பம் கட்டினார். மகன் காலில் மாட்டிய செருப்பைத் தாய் வணங்கினார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் கப்பம் கட்டிய கையோடு அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். படையைக் கலைக்கவில்லை. தளவாய் நரசப்பையா தலைமையில் அது திருவிதாங்கூருக்கும் போனது, தஞ்சாவூர் மராத்தியரோடும் மோதியது. பின்னால் மைசூர் காவிரிக்குக் குறுக்கே அணை போட்டபோது, மோதிய அதே தஞ்சாவூரோடு சேர்ந்து எதிர்க்கத் தயாரானார். படைகள் போய்ச் சேருமுன் வெள்ளமே அணையை உடைத்துவிட்டது என்பது வேறு விஷயம். பெரியவனுக்குப் பணம் போனது. எப்போது யாரோடு சண்டை, யாரோடு சமாதானம் என்று தீர்மானிக்கிற உரிமை திருச்சியிலேயே இருந்தது.

அத்தை இங்கேயும் ஒரு கேள்வி கேட்பாள்: அந்தப் பணம் யாருடையது? நியாயமான கேள்வி. குனிந்தது ராணியின் தலை, கொடுத்தது காவிரிக்கரைக் குடியானவனின் களத்துமேட்டு நெல். வளைவது இலவசம் என்று மாமா நினைப்பது தப்பு. எட்டு வருஷ முற்றுகையில் அழிந்திருக்கக்கூடிய உயிர்களோடு ஒப்பிட்டால் அந்த விலை குறைவு என்று நான் நினைக்கிறேன். அதை ஏர் பிடித்தவன் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றல்ல.

அந்தப் பேரன் விஜயரங்க சொக்கநாதர் வளர்ந்து, ஆண்டு, பிள்ளையில்லாமல் இறந்தார். அவர் மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்ததும் பங்காரு திருமலை உரிமைப் போட்டிக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து ஆற்காட்டு நவாபின் படை தெற்கே வந்தது. பங்காரு திருமலை நவாபின் மகன் சப்தர் அலியை நாடினார். மீனாட்சி நவாபின் மருமகன் சந்தா சாகிப்பை நாடினார். சந்தா சாகிப் குர்ஆன்மேல் சத்தியம் செய்ததாகவும், பட்டுத்துணிக்குள் இருந்தது வெறும் செங்கல் என்றும் கதை சொல்வார்கள். 1736இல் கோட்டை அவர் கைக்குப் போனது. மீனாட்சி விஷம் குடித்து இறந்தார் என்கிறார்கள். சத்தியத்தை நம்பி வீழ்வது ஒருவருக்கே உரியதல்ல. 1752இல் ஸ்ரீரங்கத்தருகே, உயிருக்கு உத்தரவாதம் என்ற பேச்சை நம்பித் தஞ்சைத் தளபதியிடம் சரணடைந்த சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது.

மங்கம்மாளும் பணம் கொடுத்தார், மீனாட்சியும் கொடுத்தார். வித்தியாசம் வீரத்தில் இல்லை. மங்கம்மாள் கொடுத்தது எண்ணக்கூடியது. கொடுத்த பிறகும் கதவு அவர் கையில். மீனாட்சி கொடுத்தது கதவின் சாவி. அதற்குப் பிறகு 'முடியாது' என்று சொல்ல அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அதைக் கொடுக்க வைத்தது வெளியிலிருந்து வந்த எதிரியும் அல்ல, வீட்டுச் சண்டை. இதே உறையூரில் நெடுங்கிள்ளி கதவடைத்து உள்ளே இருக்க, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டான். இருவரும் ஒரே குலம் என்று நினைவூட்டிச் சண்டையை நிறுத்தச் சொல்ல அன்று ஒரு கோவூர்கிழார் இருந்தார். மீனாட்சிக்கும் பங்காரு திருமலைக்கும் நடுவே அப்படி யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த அளவுகோலை வெளியேயும் வைத்துப் பார்க்கலாம். 1938இல் மியூனிக்கில் செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப் பகுதியை ஜெர்மனிக்குக் கொடுக்கச் செய்தார்கள். அந்த நாட்டின் அரண்கள் பெரும்பாலும் இருந்த இடம் அதுதான். அடுத்த மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள் சண்டையில்லாமல் நுழைந்தது. பின்லாந்து 1939இல் சோவியத் கேட்டதை மறுத்துப் போரிட்டது, நிலத்தை இழந்தது. 1944க்குப் பிறகு 30 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்களை நஷ்டஈடாகக் கட்டி, 1952இல் கட்டி முடித்தது. மாஸ்கோ முகம் சுளிக்காதபடி பல வருஷம் பார்த்துப் பார்த்துப் பேசியது. தன் ராணுவத்தையும் தேர்தலையும் மட்டும் விடவில்லை. 2023இல் நேட்டோவில் சேர்ந்தது. அத்தை கேட்ட 'எப்போ நிமிர்றது' என்பதற்கு அங்கே எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆனால் நிமிர முதுகெலும்பு இருந்தது.

அடுத்த வாரம் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ நான் சொன்னதுதானே சரி?" என்றார். பாதி சரி, மாமா. பெரியவன் பணம் கேட்டால், மரியாதை கேட்டால், கொடுத்துவிடலாம். மானம் என்று நாம் சொல்வதில் பாதி அரசனின் மானம்தான். அதற்காக ஊர் சாக வேண்டியதில்லை. ஆனால் சிலசமயம் பெரியவன் நேராகச் சாவியையே கேட்கிறான். 1994இல் உக்ரைன் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களை ஒப்படைக்க ஒத்துக்கொண்டு, எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் கையெழுத்திட்ட தாளை வாங்கிக்கொண்டது. இருபது வருஷத்தில் கிரிமியா போனது. அப்படி ஒருமுறை பட்டவனிடம் இன்னும் கொஞ்சம் வளை என்று உறையூரில் சோற்றுத்தட்டின் முன் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சண்டை போடு என்று சொல்லவும் வரவில்லை. சாகப்போவது நம் வீட்டுப் பிள்ளை இல்லையே.

மாமா பதில் சொல்லவில்லை. அத்தைதான் உள்ளேயிருந்து கேட்டாள், "அந்த மீனாட்சிகிட்ட யாராவது முன்னாடியே இதைச் சொல்லியிருப்பாங்களா?"