வில்லங்கமும் நகரமும்

நகரம் என்ற சொல் நம் கவிதையில் ஏறக்குறைய ஒரு மனோநிலையாகிவிட்டது. தனிமை, நெரிசல், அந்நியமாதல் என்று எதற்கும் குறியீடாக எளிதில் கைக்கு வருகிறது. 1922ல் எலியட் எழுதிய லண்டனைக் கடன் வாங்கி அண்ணா சாலையில் நிறுத்துவதில் நமக்குச் சங்கடமில்லை. ஆனால் மனோநிலையாவதற்கு முன்பே ஒரு நகரம் மண்ணின் மீது எடுக்கப்பட்ட முடிவுகளின் தொகுதியாக இருக்கிறது. இன்ன இடத்தில் வீடு, இன்ன இடத்தில் சாலை, இன்ன இடத்தில் குப்பை என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். இதெல்லாம் பொறியாளர்களின் விஷயம் என்று விமர்சகன் ஒதுங்கிவிடுகிறான். இவை தார்மிகத் தீர்மானங்கள் என்பது என் வாதம். சென்னையை முன்வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

சென்னை தட்டையான நிலம். ஏரியில் தங்கி, நிரம்பியதும் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போய், கடைசியில் சதுப்பிலோ ஆற்றிலோ சேர்ந்து கடலை அடைவது இதன் நீரின் சுபாவம். தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியின் மேல் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. நீர் போனபிறகு லேக் வியூ ரோடு, டேங்க் பண்ட் ரோடு என்று பெயர்கள் மட்டும் தங்கின. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பகுதியில் நகரம் குப்பையைக் கொட்டியது. வேறு பகுதிகளில் அலுவலகங்களையும் கல்வி ஸ்தாபனங்களையும் எழுப்பியது. 2022ல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை திருட்டுத்தனமாக நடந்தவையல்ல. கோப்பு, கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்டு.

வங்கியில் வீட்டுக்கடன் மனுக்களைப் பார்ப்பது என் பிழைப்பு. தாய்ப்பத்திரம், பட்டா, வரைபட அனுமதி, வக்கீலின் அபிப்பிராயம், இவற்றோடு 30 வருஷத்துக்கான வில்லங்கச் சான்று. பேச்சு வழக்கில் வில்லங்கம் என்றால் வம்பு. பத்திர வழக்கில், ஒரு சொத்தின் மீது இன்னொருவருக்குள்ள பாத்தியதை. பதிவான அடமானம் அதில் வரும். பதிவான விற்பனை வரும். நீருக்குள்ள பாத்தியதை வராது. நீர் ஒருநாளும் சார்பதிவாளர் முன் ஆஜராகிக் கைநாட்டு வைத்ததில்லை. ஏரி உள்வாயில் கிடக்கும் மனைக்கும் வில்லங்கம் ஏதுமில்லை என்ற தாள் கிடைப்பது சாத்தியமே. அந்தத் தாளில் பொய்யென்று ஒரு எழுத்தும் இராது.

2015 டிசம்பர் 1ம் தேதியை ஒட்டித் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வந்தது. பதிவாகாத பாத்தியதைக்காரர் நேரில் வந்து கதவைத் தட்டினார். வடிந்த பின் குற்றவாளியைத் தேடினோம். இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, மதகு திறந்த நேரத்துக்குப் பொறுப்பான யாரோ ஒரு அதிகாரி. மற்றது, நாம் எல்லோருமே. முதல் விடையில் பல பத்தாண்டுகளின் தீர்மானங்கள் ஓர் இரவின் தீர்மானத்துக்குப் பின்னால் மறைந்துகொள்கின்றன. இரண்டாவதுதான் எழுதுகிறவர்களுக்குப் பிடித்தமானது. சொன்னவுடனே மனம் லேசாகிறது. எல்லோரும் குற்றவாளிகள் என்கிறபோது அடையாற்றங்கரைக் குடிசைக்காரனும் சதுப்பின் மேல் கண்ணாடிக் கட்டிடம் எழுப்பியவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பணிவு போலத் தோற்றம் தரும் அநீதி இது.

அந்த வரிசையைப் பிரிக்க ஒரு கேள்வி போதும்: கடன் யார் பெயரில், தவணை கட்டுவது யார்? வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். ஆற்றோரம் இருந்தது ஆக்கிரமிப்பு என்று சொல்லி, சதுப்போரம் குடிவைத்ததற்குத் திட்டம் என்று பெயரிட்டோம். செயல் ஒன்றுதான். ஏழை செய்தால் ஒரு சொல், ஸ்தாபனம் செய்தால் வேறொரு சொல். பழைய வேலையிடம் தொலைவாகிப் போவதும், குழந்தையின் பள்ளி மாறுவதும் அவர்கள் கட்டும் தவணை. சொற்களோடு புழங்குகிற நாம் விழித்திருக்க வேண்டிய இடம் இது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊரிலிருந்து பிழைக்க வருகிறவனுக்குக் கூரை வேண்டாமா? ஏரியைப் பற்றிக் கவலைப்படுகிறவன் ஏற்கெனவே வீடு உள்ளவன்தானே? என் மேஜைக்கு எதிரே அமர்ந்து 20 வருஷத் தவணைக்குக் கையெழுத்திடும் பள்ளி ஆசிரியரைக் கூண்டில் ஏற்றும் தார்மிகம் எனக்கு வேண்டாம். நகரம் வளரக்கூடாது என்பதும் என் கட்சியல்ல. ஆனால் ஏரியா, வீடா என்று கேள்வியை அமைப்பதிலேயே கோணல் இருக்கிறது. 2019 கோடையில் இதே நகரம் வறண்டது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. தங்க இடமில்லாத நீர் டிசம்பரில் வெள்ளமாகிறது, மே மாதத்தில் இல்லாமற் போகிறது. ஏரியைத் தூர்த்துக் கட்டிய வீடு, தன் குடத்தையும் சேர்த்தே புதைத்திருக்கிறது.

செய்ய முடியாத காரியமும் அல்ல. 2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, ஒவ்வொரு கட்டிடத்தின் மீதும் நீருக்கு ஒரு சிறு பாத்தியதை எழுதப்பட்டது. சிறு வீட்டுக்காரனிடம் கேட்டதைப் பெரிய மனைக்காரனிடமும், முக்கியமாகத் தன்னிடமும், அரசாங்கம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1998ல், நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்ந்துவிட்டது. விதி மீறிய கட்டிடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்துவதற்கு. கட்டணத்தால் கோப்பு மூடும். அடைபட்ட வாய்க்கால் திறக்காது.

முதல் மாஸ்டர் பிளான் 1975ல் வந்தது, இரண்டாவது 2008ல். திட்டம் போடும் அறையில் தாழ்ந்த தெருக்காரன் இருப்பதில்லை. இன்னும் பிறக்காதவன் இருக்கவே முடியாது. அறையில் உள்ளவர்கள் அவர்களுக்குக் கொடுக்கும் வாக்கைத்தான் நான் திட்டம் என்று புரிந்துகொள்கிறேன். மனைக்கு மனை நீரின் வழியையும் வில்லங்கச் சான்றில் எழுது என்று கேட்பது குமாஸ்தாவின் யோசனையாகப் படலாம், படட்டும். நகரத்தின் தனிமையை எழுத உட்காருகிறவர், தான் குடியிருக்கும் தெரு எந்த ஏரியின் உள்வாய் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு எழுதலாம்.