போர்க்காலச் சுவரொட்டியும் வாய்மை விரதமும்

தனி மனிதன் பொய் சொன்னால் அதனைக் குற்றம் என்கிறோம். அதே பொய்யை ஓர் அரசாங்கம் போர்க்காலத்தில் வண்ணப் படமாக அச்சிட்டுச் சுவர்தோறும் ஒட்டினால், அதற்கு என்ன பெயர் இடுவது? தேசபக்தி என்பதா, தந்திரம் என்பதா, அன்றிப் பொய் என்றே சொல்வதா? வாய்மையை அணுவிரதங்களுள் ஒன்றாக ஏற்றுள்ள இல்லறத்தாராகிய நாம் இவ்வினாவை ஒதுக்கிவிட இயலாது.

சுவரொட்டி ஒரு பெரும் படைக்கலமாக உருப்பெற்றது முதல் உலகப் போரில்தான். 1914இல் ஆல்பிரட் லீட் வரைந்த படத்தில் இங்கிலாந்தின் போர் அமைச்சர் கிச்சனர், பார்ப்பவரை நோக்கி விரல் நீட்டுகிறார். 1917இல் அமெரிக்காவும் இதே உத்தியை 'அங்கிள் சாம்' உருவத்தைக் கொண்டு கையாண்டது. நம் நாட்டில் ஆள் சேர்ப்பதற்காக வெளியான உருதுச் சுவரொட்டி ஒன்று சீருடையையும் துப்பாக்கியையும் பணத்தையும் காட்டி, இவற்றைப் பெறப்போகிறவர் யார் என்று வினவியது. காட்டியவை பொய்யல்ல, படையில் சேர்ந்தவனுக்கு அவை கிடைத்தன. ஆனால் பிரான்சின் பதுங்குகுழிச் சேறும் மெசபடோமியாவின் பட்டினியும் அங்கே இடம்பெறவில்லை. அப்போரில் இந்தியப் படையினர் 70,000 பேருக்கு மேல் மாண்டனர்.

புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திராசாரியர் பொய்யை நால்வகையாகப் பிரிக்கிறார். உள்ளதை இல்லை என்பது ஒன்று. இல்லாததை உண்டு என்பது இரண்டு. ஒன்றை வேறொன்றாகக் கூறுவது மூன்று. இழிவும் பாவமும் வெறுப்பும் விளைக்கும் சொல் நான்கு. போர்ப் பிரசாரத்தை இந்த நான்கு தட்டுகளிலும் நிறுத்துப் பார்க்கலாம். சாவை மறைத்துச் சம்பளத்தை மட்டும் காட்டுவது முதல் வகையைச் சாரும். ஜெர்மானியர் தம் வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கிறார்கள் என்று 1917இல் பிரிட்டிஷ் ஏடுகள் பரப்பிய கதை இரண்டாம் வகை. எதிரியை மனிதக் குரங்காக வரைந்த அமெரிக்கச் சுவரொட்டி மூன்றாம் வகை. இவை யாவும் மனத்தில் ஊட்டிய பகை நான்காம் வகை.

இப்பொய்களுக்குப் பின்னர் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. பிணக்கொழுப்புக் கதைக்கு ஆதாரமில்லை என்பதை 1925இல் பிரிட்டிஷ் அரசே ஒப்புக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் யூதர்கள் உண்மையாகவே லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, இதுவும் பழைய கதை போன்றதே என்று பலர் நம்ப மறுத்தனர். ஒரு தலைமுறையை ஏய்த்த பொய், அடுத்த தலைமுறையில் மெய்யின் குரலையே நெரித்துவிட்டது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த நாள்களில் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். எதிரியை அரக்கன் எனக் காட்டுவதே அக்காலப் பிரசாரத்தின் நோக்கம். நம் மக்களோ அக்கப்பலின் பெயரைச் சாமர்த்தியசாலிக்கு உரிய பட்டமாக்கினர். 'அவன் பெரிய எம்டன்' என்ற வழக்கை எந்தச் சுவரொட்டியும் கற்பிக்கவில்லை. அஞ்சியவரிடத்தும் எதிரியின் திறமையைக் காணும் கண் இருந்தது.

1942இல் சோதனை மேலும் கடுமையாயிற்று. பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தன. ஏப்ரல் 5இல் கொழும்பும், 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இலக்காயின. தேசியப் போர் முன்னணி என்னும் பெயரால் அரசாங்கம் வதந்திகளுக்கும் மனச்சோர்வுக்கும் எதிராகப் பிரசாரம் நடத்தியது. பீதி பரப்புவது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்த் தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் அதே ஏப்ரலில், அவசியமற்றோர் நகரை விட்டு நீங்குமாறு அறிவுறுத்தியதும், அலுவலகங்கள் பலவற்றை உள்மாவட்டங்களுக்கு மாற்றியதும் அரசாங்கமே. பீப்பிள்ஸ் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் சிங்கம், புலி முதலிய விலங்குகள், குண்டுவீச்சில் தப்பி ஊருக்குள் வந்துவிடும் என்ற அச்சத்தால் சுட்டுக்கொல்லப்பட்டன. எதிர்பார்த்த படையெடுப்போ வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளை வீசிச் சென்றதே மிச்சம்.

வசதியுள்ளோர் ரயிலேறிப் போய்விடலாம். துறைமுகத்தில் மூட்டை சுமப்போரும் இராயபுரத்து மீனவரும் எங்கே போவர்? துணிவுடன் இருங்கள் என்னும் அறிவுரை, போக வழியில்லாதவர் மீதே முழுப் பாரமாக இறங்குகிறது. அத்தகையோருக்கு அரசாங்கம் கடன்பட்டிருப்பது துணிவூட்டும் படமன்று, உண்மையான நிலவரமே.

அப்படியாயின் போர்க்காலத்தில் அரசாங்கம் எதனையும் மறைக்கலாகாதா என்று கேட்கலாம். இல்லறத்தான் தன் நாட்டைக் காக்க எதிர்த்து நிற்பதை நம் அறநூல்கள் விலக்கவில்லை. விரோதி இம்சை என அதனைத் தனியே பிரித்தே வைத்துள்ளன. வாய்மைக்கும் அத்தகைய நுட்பம் உண்டு. இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் வாய்மை அணுவிரதத்தை விளக்கும்போது, பொய் சொல்லாமையோடும் பிறரைச் சொல்விக்காமையோடும் நில்லாமல், பிறருக்குக் கேடு விளைக்கும் மெய்யையும் சொல்லாமையைச் சேர்க்கிறார். கப்பல் எப்போது புறப்படும் என்பதைக் கண்டவரிடம் பேசாதே என்று 1940இல் இங்கிலாந்தில் ஒட்டிய எச்சரிக்கைகள் இந்த எல்லைக்குள் அடங்கும். காக்கும் பொருட்டு மௌனம் காப்பது வேறு. ஏய்க்கும் பொருட்டுக் கதை கட்டுவது வேறு. முன்னது விரதத்துக்குள் அடங்கும், பின்னது விரதபங்கம்.

இங்கே நம் பொறுப்பும் உண்டு. வினை மூவகையால் வந்து சேரும் என்பது ஜினதர்மம்: தானே செய்தல், பிறரால் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல். சுவரொட்டியை வரைந்தவன் ஓவியன், வரைவித்தது அரசாங்கம். ஆனால் அது வேண்டி நிற்பது வழிப்போக்கனின் தலையசைப்பையே. அந்தத் தலையசைப்பு கிடைக்காவிடில் அது வெறும் காகிதந்தான். நாமோ அதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'நாம் யாரையும் கொல்லவில்லை, யாரையும் ஏவவும் இல்லை' என்று அமைதி கொள்கிறோம். உடன்பாடும் ஒரு செயலே.

இன்று சுவரின் வேலையைக் கைப்பேசித் திரையும் செய்கிறது. எல்லையில் பூசல் மூண்டவுடன் வீடுதோறும் படங்கள் வந்து குவிகின்றன. விரல் ஒருமுறை தொட்டால் அவை நூறு வீடுகளுக்குச் செல்லும். அன்று வழிப்போக்கன் தலையை மட்டுமே அசைத்தான். இன்று நாமே ஒட்டுபவராகவும் ஆகிவிட்டோம். ஆதலின் அத்தகைய படம் வரும்போது நம் பிள்ளைகளுடன் அமர்ந்து மூன்று வினாக்களை எழுப்புவோம். இதில் காட்டாமல் விட்டது எது? இதனை நம்பினால் எவருக்குத் துன்பம்? நம்மிடம் எதற்கு உடன்பாடு கேட்கிறார்கள்? விடை தெளியும்வரை நம் உடன்பாட்டை நாமே வைத்துக்கொள்வோம்.